சின்னம்மாவுக்குத் துணை

ஏழு வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. சின்னம்மா எங்கே போனாலும் கூடப் போவது. அவர் பின்வளவுக்கு விறகு பொறுக்கப் போனால் நானும் போகவேண்டும். கோயிலுக்குப் போனால் பின்னாலே போகவேண்டும். பற்றை மறைவுக்கு ஒதுங்கினால்கூட, கொஞ்சம் தள்ளி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நிற்கவேண்டும். காரணத்தை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டா.

“சின்னம்மா தனியப் போகப் பயப்பிடுவா. நீதான் துணை.”

நான் அதை அப்படியே நம்பினேன். நம்பாமலிருக்கக் காரணமும் இல்லை. அந்த நாளில் உருத்திரபுரத்தில் எங்கள் காணிக்குப் பின்னால் காடு இன்னும் முழுதாக வெட்டப்படவில்லை. மாலையானால் யானை வரும் என்பார்கள். கரடியைக் கண்டவர்களும் இருந்தார்கள். கதவு நிலையில் தலை முட்டுகிற உயரமான ஒரு பெண் பயப்படுகிறார், அவருடைய இடுப்பளவு வளர்ந்த நான் பயப்படவில்லை என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை. கையில் எப்போதும் ஒரு தடி வைத்திருந்தேன். கரடி வந்தால் அதை எங்கே அடிப்பது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

குடியேற்றத் திட்டத்தில் அப்பாவுக்குக் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்து சில வருஷங்களுக்குப் பிறகுதான் சின்னம்மா வந்தார். அம்மாவுக்கு ஒரே தங்கை. ஒரு றங்குப்பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினார். அக்காவுக்கு ஒத்தாசையாக வந்திருக்கிறா என்று அயலுக்குச் சொல்லப்பட்டது. ஊரில் ஒரு திருவிழாவன்று எல்லாருக்கும் முன்னால் அவர் வலிப்பு வந்து விழுந்ததும், பேசியிருந்த கலியாணம் அந்தக் கிழமையே நின்றுபோனதும், இங்கே ஒருவருக்கும் அவரைத் தெரியாது என்பதால்தான் அனுப்பி வைத்தார்கள் என்பதும் எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரியவந்தது. வயலும் காடும் தவிர ஒன்றுமில்லாத ஊரைத்தான் அவருக்கு மறைவிடமாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அந்த மறைவிடத்தில் சின்னம்மா ஒன்றைக் கண்டு மயங்கிப்போனார். வாய்க்கால்.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. கிணற்றில் கிடக்கிற தண்ணீரையும், மழைக்குத் தேங்கி நிற்கிற தண்ணீரையும்தான் அவர் பார்த்து வளர்ந்தவர். இங்கே இரணைமடுக் குளத்தைத் திறந்துவிட்டால் எங்கள் காணிக்குப் பக்கத்தால் தண்ணீர் இரவு பகலாக ஓடும். வந்த புதிதில் அவர் அந்தக் கரையில் நின்று, “இது ஓடி ஓடி எங்கயடி போகுது?” என்று என்னைக் கேட்டார். “வயலுக்கு” என்றேன். “வயலுக்குப் பிறகு?” எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியை அவர் எத்தனையோ தடவை, அலுப்பில்லாமல் கேட்டார்.

அந்தத் தண்ணீரில் இறங்க அவருக்கு அனுமதி இல்லை. அடுப்படியில் தனியே நிற்கக் கூடாது, கிணற்றுக் கட்டில் ஏறக் கூடாது, வாய்க்காலில் கால் வைக்கக் கூடாது. கிணற்றடியில் அம்மா அள்ளி ஊற்ற, ஒரு குழந்தையைப்போலக் குந்தியிருந்து குளிப்பார். குசினியில் அம்மா சமைக்க, இவர் வாசலில் இருந்து தேங்காய் துருவுவார். ஒருநாள் நாங்கள் இருவரும் கோயிலால் வரும்போது, சின்னம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் இருந்து ஒரு காலை மட்டும் தண்ணீரில் விட்டார். “வாங்கோ, அம்மா பேசுவா” என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் உடனே எழும்பிவிட்டார். கால் காயும்வரை வெயிலில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.

அவருக்கு முன்பல் ஒன்றில் ஒரு மூலை உடைந்திருக்கும். சிரிக்கும்போது அது தெரியும். அதைப்போல அழகான பல்லை நான் கண்டதில்லை. எனக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போது, அதுவும் மூலை உடைந்து முளைக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பல் எப்படி உடைந்தது என்பதை ஒரு மாசி மாதத்தில் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். விளங்கவில்லை. அரிவு வெட்டு முடிந்து முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சின்னம்மா சுளகில் புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர் நெல்லின்மேல் கிடந்தார். கையும் காலும் உதறின, கண் மேலே போய்விட்டது. அம்மா ஓடிவந்து இடுப்பிலிருந்த இரும்புச் சாவிகளின் திறப்புக்கோர்வையைப் பிடுங்கி அவருடைய உள்ளங்கையில் வைத்து அழுத்தினா. பிறகு அகப்பைக் காம்பை எடுத்து, பூட்டிக் கிடந்த பற்களுக்கு நடுவில் செலுத்தப் பார்த்தா. இரும்பு பிடித்தால் வலிப்பு இறங்கும், வாயைத் திறந்து வைத்தால் நாக்கு தப்பும். அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அதை அவ எத்தனையோ தடவை, கண்ணீரோடு, ஒழுங்கு தவறாமல் செய்திருந்தா. அப்பா என் தோளைப் பிடித்துத் திருப்பி, “ஒண்டுமில்லை, சின்னம்மாவுக்குத் தலைசுத்து” என்றார்.

நெடுநேரம் தூங்கிவிட்டுக் கண் விழித்த சின்னம்மா முதலில் கேட்டது, “ஆரேன் பாத்தவையோ?”

“ஒருத்தரும் பாக்கேல்லை” என்றா அம்மா.

“நான் பாத்தனான்” என்றேன்.

சின்னம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். “நீ பாத்தால் காரியமில்லை” என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அதுவரைக்கும் நூல் கட்டியிருந்தார்கள், பரியாரியாரிடம் எண்ணெய் வாங்கித் தலைக்கு வைத்திருந்தார்கள். இந்த முறை அப்பா பிடிவாதமாக வண்டியைக் கட்டி, கிளிநொச்சிப் பக்கமிருந்த அரசாங்க டிஸ்பென்சரிக்கு அம்மாவையும் சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் இல்லாத அந்த இடத்தில் மருந்து கொடுக்கிற பெரியவர் அப்போதிக்கரி ஐயா. நானும் கூடப் போய், அப்பாவோடு வெளியே மாட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. வரும் வழியில் அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது.

“நல்ல குளிசையாம். இனி வராதாம்” என்று அப்பாவுக்குச் சொன்னா.

சட்டைப் பொத்தானைப்போலச் சின்ன வெள்ளைக் குளிசை. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அதைத் தன் கையாலேயே எடுத்துச் சின்னம்மாவின் உள்ளங்கையில் வைப்பா. விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பா. சத்துக் குளிசை என்று எனக்குச் சொன்னா. எனக்கும் ஒன்று வேண்டும் என்று அழுது அடி வாங்கினேன். முதல் சில கிழமை சின்னம்மா இருந்த இடத்திலேயே தூங்கி விழுந்தார். பிறகு அது சரியாகிவிட்டது. மழை வந்து, விதைத்து, மறுபடி அரிவு வெட்டி, சூடு அடித்து முடிந்தபோதும் சின்னம்மா ஒரு தடவையும் விழவில்லை.

சித்திரை வருஷப்பிறப்புக் கழிந்த ஒருநாள், சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா குளிசை எடுக்க எழும்பவில்லை. சின்னம்மா கையை நீட்டிக்கொண்டு இருந்தார்.

“இனி வேண்டாம். உனக்கு எல்லாம் மாறிட்டுது” என்றா அம்மா.

“அப்போதிக்கரி ஐயாவை ஒருக்காக் கேப்பமே?” என்றார் அப்பா.

“சுகமான ஆளுக்கு என்னத்துக்கு மருந்து? சும்மா இருக்கிற உடம்பில சூட்டை ஏத்துறதோ? மிச்சத்தை அலுமாரியில வைச்சிருக்கிறன். வந்தால் குடுப்பம்.”

தலையிடிக்கு வாங்குகிற குளிசையை இடி நின்றதும் வைத்துவிடுகிறோம்தானே. அம்மா சொன்னதில் பிழை இருப்பதாக எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உண்மையில் அம்மா அன்று தன் தங்கைக்கு ஒரு பரிசு கொடுத்தா. நீ நோயாளி இல்லை என்ற சொல்லை அவருக்குக் கொடுக்க எத்தனை காலம் காத்திருந்திருப்பா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த நாள் காலை அம்மா ஒரு புதுச் சவுக்காரத்தையும் துவாயையும் சின்னம்மாவின் கையில் கொடுத்தா. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்ட நேரம். வாய்க்கால் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது.

“போய் வாய்க்கால்ல குளிச்சிட்டு வா.”

சின்னம்மா விளங்காதவர்போல நின்றார்.

“நீ போ. தனியப் போ” என்று அம்மா சிரித்தா. கண் கலங்கியிருந்தது.

நான் தடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். “நீ நில்லு. சின்னம்மாவுக்கு இனிப் பயமில்லை” என்று அம்மா மறித்தா. நான் சின்னம்மாவைப் பார்த்தேன். “அவள் வரட்டும் அக்கா” என்று ஒரு சொல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். போன வேகத்தில் படலையைச் சாத்தவும் மறந்துவிட்டார். வீதியில் நின்ற கன்று ஒன்று உள்ளே வந்து அம்மாவின் கீரைப் பாத்தியில் வாய் வைத்தது. நான் அதை விரட்டவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் போனார். தலை ஈரத்தோடு, வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு திரும்பி வருவார். சாப்பிடும்போது, கண்டதையெல்லாம் சொல்வார். மீன்கொத்தி எப்படிப் பாய்ந்தது, தண்ணீர்ப் பாம்பு எப்படித் தலையை மட்டும் தூக்கிக்கொண்டு போனது, மருதம்பூ எப்படி மிதந்து வந்து கழுத்தில் முட்டியது. அம்மா வாய் நிறையச் சிரிப்போடு கேட்டுக்கொண்டிருப்பா. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். நான் இல்லாத இடத்தில் இத்தனை நடக்கிறதே என்று வயிறு எரியும். படலையடியில் இருந்து அவர் போகிற முதுகைப் பார்ப்பதும், வருகிற முகத்தைப் பார்ப்பதும்தான் அப்போது எனக்கு மிஞ்சிய வேலை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாமல் பின்னால் போனேன். பின்னாலிருந்து “ஊ” என்று கத்தி அவரை வெருட்டவேண்டும், அவர் பயந்து என்னைக் கட்டிப் பிடிக்கவேண்டும், இனி நீயும் வா என்று சொல்லவேண்டும். திட்டம் இதுதான். ஒரு மருதமரத்துக்குப் பின்னால் ஒளித்து நின்று எட்டிப் பார்த்தேன்.

சின்னம்மா இடுப்பளவு தண்ணீரில் குறுக்குக்கட்டோடு நின்றார். தலைமயிரை அவிழ்த்துவிட்டு, மெல்லப் பின்னால் சாய்ந்தார். மயிர் தண்ணீரோடு நீண்டு ஓடியது. யாரோ பக்கத்தில் இருப்பதுபோல ஏதோ கதைத்தார். தானே அதற்குச் சிரித்தார். அந்த முகத்தை அவர் எனக்குக் காட்டியதே இல்லை. அம்மாவுக்கும் காட்டியிருக்க மாட்டார். கத்த வந்த வாயை மூடிக்கொண்டேன். என்னை ஒருவர் வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டதுபோல இருந்தது.

அப்போதுதான் அவருடைய தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. ஒரு கை மேலே எழும்பியது. என்னைக் கண்டுவிட்டார், விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது. பிறகு முகம் தண்ணீருக்குள் போனது. போன முகம் வெளியே வரவில்லை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கரையை ஒட்டியே தண்ணீர் எனக்கு நெஞ்சுக்கு வந்தது. அவருடைய மயிரை அள்ளிக் கையில் சுற்றி, கரையோரச் சேற்றில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். முகம் மேலே வந்தது. மறுபடி போனது. மறுபடி இழுத்தேன். அவரை எது எழுப்பும் என்று எனக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது. அதைத்தான் கத்தினேன்.

“சின்னம்மா, ஆக்கள் பாக்கினம்! எழும்புங்கோ சின்னம்மா, ஆக்கள் பாக்கினம்!”

யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு, அடுத்த காணிக்காரர் வயலில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். சின்னம்மாவைத் தூக்கிக் கரையில் கிடத்தி, தன் தோளில் கிடந்த சால்வையால் போர்த்தினார். குப்புறச் சரித்துவிட, வாயாலும் மூக்காலும் தண்ணீர் வந்தது. இருமினார். மூச்சு வந்தது. அம்மா வரம்பால் விழுந்தெழும்பி ஓடிவந்தா. இடுப்பிலிருந்த திறப்புக்கோர்வை சேலையில் சிக்கிக்கொண்டது. கழற்றியபோது வலிப்பு நின்றிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தங்கையின் கால்மாட்டில் இருந்துவிட்டா.

அன்றே வண்டி கட்டினார்கள். இந்த முறை நானும் அப்பாவும் உள்ளே போனோம். சின்னம்மா என் கையை விடவில்லை. நானும் விடவில்லை.

அப்போதிக்கரி ஐயா சின்னம்மாவின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பினார். “குளிசை குடுக்கிறனீங்களோ?”

“நிப்பாட்டிப்போட்டன் ஐயா. சுகம் வந்திட்டுது எண்டு...”

“நான் அண்டைக்கு என்ன சொன்னனான்?”

“இனி வராது எண்டு சொன்னீங்கள்.”

“இல்லையம்மா. குளிசை இருக்கும்வரைக்கும் அது வராமல் பாத்துக்கொள்ளும் எண்டு சொன்னனான்.”

அம்மா விழித்தா. இரண்டும் ஒன்றுதானே என்ற விழிப்பு. அவர் கதிரையை இழுத்து அம்மாவுக்கு முன்னால் போட்டு, அதில் இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

“குளத்தில தண்ணி அசையாமல் நிக்குதுதானே. இனிக் கட்டு தேவையில்லை எண்டு வெட்டிவிடுவீங்களோ? இவவின்ர வருத்தம் போகேல்லை. குளிசைதான் பிடிச்சு வைச்சிருந்தது. நீங்கள் நிப்பாட்டினது பிழை, சடாரெண்டு நிப்பாட்டினது அதைவிடப் பிழை.”

பிறகு எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னார். நாள் தவறாமல் கொடுக்கவேண்டும். முடிவதற்கு முன்பே வந்து வாங்கவேண்டும். நிற்பாட்டுவதென்றால் அவரைக் கேட்கவேண்டும். வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சரித்துவிடவேண்டும், வாய்க்குள் ஒன்றும் வைக்கக் கூடாது. அம்மா இரும்பைப் பற்றிக் கேட்டபோது, “வைச்சால் ஒண்டும் செய்யாது. அதைத் தேடி ஓடுற நேரத்தில தலையைப் பிடியுங்கோ” என்றார்.

“விளங்குதோ?”

“ஓம் ஐயா.”

“அண்டைக்கும் ஓம் எண்டுதான் சொன்னீங்கள். இப்ப நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ, வீட்டை போய் என்ன செய்வீங்கள்?”

எங்கள் அயலில் அம்மாவை எதிர்த்துக் கதைக்க ஆளில்லை. அந்த அம்மா சின்னப்பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல விரலை மடக்கி மடக்கிச் சொன்னா. ஓரிடத்தில் பிழை விட்டா. அவர் திருத்தினார். திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். பாதியில் அம்மாவின் குரல் உடைந்தது. சின்னம்மாவின் வாயைப் பார்த்தா. “அந்தப் பல்லு நான்தான் உடைச்சனான்” என்றா. யாரும் அவவிடம் அதைக் கேட்கவில்லை.

சின்னம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“குளிசை ஒழுங்காப் போட்டால், தனியக் குளிக்கப் போகலாமோ ஐயா?”

அவர் மேசையிலிருந்த மூடியை எடுத்துப் போத்தலில் பூட்டினார். “குளிக்கலாம் பிள்ளை. வாய்க்கால்லயே குளியுங்கோ. ஆனால் தனிய வேண்டாம். ஆரேன் ஒராள் எப்பவும் பக்கத்தில நிக்கட்டும்.”

“நான் நிக்கிறன்!” என்று நான் துள்ளி எழும்பினேன். அப்போதிக்கரி ஐயா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சின்னம்மா என் தலையில் கையை வைத்தார். வீடு வந்து சேரும்வரை அந்தக் கை அப்படியே இருந்தது. அவர் வண்டிக்கு வெளியே ஓடுகிற வாய்க்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். களைத்துப்போனார் என்று நினைத்தேன். அந்த வண்டியில் என்னைப்போலச் சந்தோஷமாக வந்தவர் எவரும் இல்லை. போன உத்தியோகம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

அம்மா அதன் பிறகு ஒருநாளும் குளிசை தவறவிட்டதில்லை. மழையில் வீதி மூடினால், அப்பா இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் வாங்கி வந்தார். சின்னம்மாவுக்கு வலிப்பு எப்போதாவது ஒன்று வந்தது. அம்மா சரித்துவிட்டுத் தலையைத் தன் மடியில் வைத்துக்கொள்வா. விஷயம் அயலுக்குத் தெரிந்துவிட்டதால் கலியாணப் பேச்சு பிறகு எழவில்லை. எங்கள் வீட்டில் வேறொன்றும் குறைவில்லாமல், சின்னம்மா எங்களோடேயே இருந்தார்.

ஒவ்வொரு காலையும் நாங்கள் இருவரும் வாய்க்காலுக்குப் போனோம். நான் கரையில் நிற்பேன். அவர் இறங்குவார். இறங்கிக் கொஞ்ச நேரத்தில், “நீ கொஞ்சம் அங்காலை பாத்துக்கொண்டு நில்லு, என்ன?” என்று கேட்பார். அம்மாவிடம் சொல்லாதே என்பதுபோல அதை மெல்லிய குரலில் கேட்பார். வெட்கப்படுகிறார் என்று நினைத்து நான் வயல் பக்கம் திரும்பி நிற்பேன். பின்னால் சத்தம் இருக்காது. தண்ணீர் மட்டும் ஓடும். பாவம், தனியே இருக்கிறதாக அவருக்குத் தோன்றிவிடக் கூடாது, பயந்துவிடக் கூடாது என்று, திரும்பிப் பார்க்காமலே, எனக்குத் தெரிந்த தேவாரத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் உரத்துப் பாடிக்கொண்டு நிற்பேன்.